பதினோராவது அச்சு

சிறு துரும்பும் பல் குத்த உதவுமாம்.
சொன்னவர் வாயைத் திறந்து காட்டவில்லை.
நான் பார்த்த வாய்களில்
துரும்பு உதவிய இடமெல்லாம் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் ஒன்பது வருடம்.
ஆ காட்டுங்கோ, இன்னும் கொஞ்சம், ஆ.
ஈர்க்கு, தீக்குச்சி, சட்டை ஊசி,
ஒருவர் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து
ஓர் இழையைப் பிரித்து வைத்திருந்தார்.
சல்லியிலிருந்து வந்த குணநாயகம்
தூண்டில் நைலோனை இரண்டு கையிலும் சுற்றி
இழுத்துக் காட்டினார்,
வலை பொத்துகிறவரின் அதே லாவகம்.
"முள் வந்திட்டுது மிஸ். முரசும் சேர்ந்து வந்திட்டுது."

முரசு.
ஈறுக்கு எங்கள் பக்கத்துப் பேர்.
அறைந்தால் அதிராது. கசியும்.

அப்படித்தான் பிடித்தது இந்தக் கிறுக்கு.
லீவு நாட்களில் கிண்ணியாப் பாலம் தாண்டி
நளீமின் பட்டறைக்குப் போகிறேன்.
வாளிக்குக் கைப்பிடி, வலைக்கு மிதவை,
அவற்றுக்கு நடுவே என்னுடையது:
ஈர்க்கை விடக் கட்டை,
இறால் மீசையை விடக் கொஞ்சம் தடிப்பு,
உடம்பெல்லாம் பூனைமயிர் போல ரப்பர்ச் சிலும்பு.

முதல் அச்சு இடுக்குக்குள் போகவே இல்லை.
இரண்டாவது போனது, வரவில்லை.
நளீமின் கடைவாயில் அது
ஒரு பின்னேரம் முழுக்கக் குடியிருந்தது.
அவன் திட்டினான், தேத்தண்ணி குடித்தான்,
அஸர் தொழுதுவிட்டு வந்து
விட்ட இடத்திலிருந்து திட்டினான்.
ஐந்தாவது குத்தியது. ஆறாவது
பல்லைக் கண்டதும் தலை குனிந்தது.
அறுபது, நாற்பது, நாற்பத்தெட்டு.
மென்மைக்கும் ஓர் எண் உண்டென்று
கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மனித வாய்க்கு அளவுகோல் இல்லை.
ஒருவருக்குத் துறைமுக வாசல், ஒருவருக்கு மயிரிழை.
ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்
ஒன்றோடொன்று கதைப்பதில்லை.
மெழுகில் எடுத்த முப்பத்தேழு பேரின் இடுக்குகள்
பழைய பிஸ்கட் பேணியில் கிடக்கின்றன.
பல் அல்ல, பல் இல்லாத இடம்.
கிலுக்கினால் சத்தம் வருகிறது.

பதினோராவது சரி வந்தது.
நூறு வார்த்தோம், பச்சை நிறம்.
பிட்டுத் தேங்காய்ப்பூ, மாம்பழ நார், சூடை முள்
எல்லாம் வந்தன. இரத்தம் வரவில்லை.
குணநாயகம் கண்ணாடியில் இளித்துப் பார்த்தார்.
"ஒண்டும் செய்யாத மாதிரிக் கிடக்கு."
ஒரு கருவிக்கு இதைவிடப் பாராட்டு
எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை, கோட்டை வாசலடி.
மான் ஒன்று மென்றபடி நின்றது.
கச்சான் பை, சோற்றுப் பார்சல் தாள்,
கடைவாயில் பச்சையாய் ஒரு நுனி.
என்னுடையதா என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாது.
பச்சையில் எத்தனையோ குப்பை உண்டு.
கிட்டப் போனேன்.
கொம்பை ஆட்டிவிட்டு விழுங்கியது.

அன்றிரவு தூங்கவில்லை என்று எழுதினால் பொய்.
தூங்கினேன். விடிய எழும்பி
நளீமுக்குப் போன் எடுத்தேன்.
வாலில் ஓர் ஓட்டை வேண்டும், ஆணியில் கொழுவ.
கழுவி, காயவைத்து, ஒரு மாதம் பாவிக்க.
"அச்சத் திரும்ப வெட்டணும். காசி?"
ம்.
"ஒரு மாசம் பாவிச்சா ஆரு திரும்ப வாங்குற?"
ம்.
அவன் பக்கத்தில் மெசின் இரைந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது இன்னும் வரவில்லை.
மத்தியானப் பாரைக் குழம்பின் முள்ளொன்று
கீழ்வரிசை, இடப்பக்கம்.
நாக்கு போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.
பதினோராவதில் மிஞ்சிய பச்சைகளை
எண்ணிப் பூட்டி வைத்தாயிற்று,
திறப்பு நளீமிடம்.

விளக்குமாறு மூலையில் சாத்தியிருக்கிறது.
வீட்டில் ஒருவரும் இல்லை.